தியாகியின் வாய்க்கு நேரே

படுக்கையறைச் சுவரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, பாய்லர் மாட்ட வந்த பார்னி வெளியே போய் அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பென்சிலைக் காதில் செருகினான், எடுத்தான், மறுபடி செருகினான். வீட்டுக்காரி மஜெல்லா வாசலுக்கு வந்தாள்.

"என்ன பார்னி, வீடு கீடு சாயுதா?"

"வீடு நல்லாத்தான் இருக்கு மஜெல்லாக்கா. புகைக்குழாய் எங்க வந்து முட்டுதுன்னு பாருங்க."

மஜெல்லா பார்த்தாள். தெருவின் கடைசி வீடு அவளுடையது. ஆகவே பக்கவாட்டுச் சுவர் முழுக்கத் தியாகி ஃபெலிம் மகோவனுடையது. கூரை முட்டும் தலை, தரை முட்டும் பூட்ஸ், கையில் துப்பாக்கி, பின்னால் அயர்லாந்தின் மூவர்ணக் கொடி. பெல்ஃபாஸ்ட் மழையில் பதினைந்து வருடமாக நிற்கிறார்.

"வாயிலயா?" என்றாள் மஜெல்லா.

"வாயிலதான். மீசைக்குக் கீழ, நடு உதட்டுல. நான் வேணும்னே குறிபார்த்து அடிச்சாக்கூட இவ்வளவு கச்சிதமா வராது."

வேறு இடமே இல்லையா என்றால் இல்லை. முன்சுவரில் போட்டால் ஜன்னலுக்குப் பக்கம், சட்டம் விடாது. பின்சுவரில் போட்டால் ஆவி நேரே அடுத்த வீட்டுக்காரி சமையலறைக்குள் போகும், அவள் விடமாட்டாள். மிஞ்சியது இந்தச் சுவர் ஒன்றுதான், அதிலும் ஒரு சாண் இப்படி அப்படி நகர்த்தலாம், அவ்வளவுதான்.

பாய்லர் இலவசம். முதியோருக்கான குளிர்கால உதவித் திட்டத்தில் வந்தது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் மாட்டி, எரியவிட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மஜெல்லாவுக்கு அது வெறும் பாய்லர் இல்லை. புருஷன் டெஸ்ஸி முப்பது வருடம் கொத்துப்பூச்சு வேலை பார்த்துச் சுண்ணாம்புத் தூசி தின்றவர். நெஞ்சு போய்விட்டது. போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரி. "சூடான, ஈரமில்லாத அறையில வெச்சுக்கணும். இல்லேன்னா அடுத்த தடவை எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வீட்டு மாடியிலோ, சுவரைத் தொட்டால் கை நனைந்தது.

"நீ போடு ஓட்டையை. நான் பாத்துக்கறேன்" என்றாள் மஜெல்லா.

"ஐயோ, நான் மாட்டேன் சாமி. இந்தச் சுவர்ல கை வெச்சா அப்புறம் இந்தப் பக்கத்துல ஒரு வீட்லயும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. சுவரோவியக் கமிட்டியில ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. ஒரே ஒரு கையெழுத்துதானே?"

அப்போது நவம்பர் நடு. ஒரே ஒரு கையெழுத்துக்கு இரண்டரை மாதம் ஏராளம் என்று மஜெல்லா நினைத்தாள். பாவம், அவளுக்குச் சூது வாது தெரியாது.

ஃபெலிம் மகோவன் தியாகியான கதையையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் மூன்று தியாகிகள் இருந்தார்கள். அதற்கடுத்த தெருவில் இரண்டு பேரும் ஒரு தப்பியோடிய கைதியும். இந்தத் தெருவில் மட்டும் ஒருவருமில்லை. சுற்றுலா வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலே கடந்து போய்க்கொண்டிருந்தன. தெருவுக்கே மானம் போகிறதென்று வீடு வீடாக விசாரித்தபோது, டெஸ்ஸி தன் தாத்தாவுடைய தம்பியின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 1922-இல் இருபத்தாறு வயதில் செத்த பையன். நாடு பிரிந்து தெருவெல்லாம் சண்டை நடந்த ஆண்டு அது; கேட்டதுமே குழுவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. படத்தில் ஃபெலிம் கையில் வைத்திருந்தது, அடுப்பிலிருந்து ரொட்டியை வாரி எடுக்கிற நீளக் கட்டை. அவர் வேலை பார்த்தது ரொட்டிக்கடை. ஓவியர் யூனன் கட்டையை ஒரு பார்வை பார்த்தார், வரைந்து முடித்தபோது அது துப்பாக்கியாகியிருந்தது. டெஸ்ஸி வாயைத் திறந்தார். அதற்குள் திறப்பு விழாவுக்கு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள், மூடிக்கொண்டார்.

சுவரோவியப் பாதுகாப்பு, நினைவேந்தல், பண்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு என்பது குழுவின் பெயர். பெயர் ஒரு பலகையில் அடங்காமல் 'குழு' மட்டும் தனிப் பலகையில் தொங்கியது. தலைவர் துர்லோ. ஒரு காலத்தில் டெரி என்ற பெயரில் பால் வண்டி ஓட்டியவர். குழு தொடங்கிய அன்று பெயரை ஐரிஷில் மாற்றிக்கொண்டார். எந்தப் பேச்சையும் ஐரிஷில் மூன்று வாக்கியம் பேசித்தான் தொடங்குவார். அந்த மூன்றும் எப்போதும் ஒரே மூன்று.

"மஜெல்லா! வா, உக்காரு. டெஸ்ஸி எப்படி இருக்காரு? நம்ம தியாகியோட ரத்த சொந்தமாச்சே!"

"இருமிக்கிட்டு இருக்காரு, டெரி. அதுக்குத்தான் வந்தேன்."

"துர்லோ."

"சரி, துர்லோ. சுவர்ல ஒரு சின்ன ஓட்டை போடணும். இத்தனூண்டு, டீத்தட்டு அகலம்தான்."

அறையில் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது. ஓரத்தில் காகிதங்களுக்கு நடுவே இருந்த வரலாற்றுப் பொறுப்பாளர் கிரான்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தச் சுவர்ல?" என்றார் துர்லோ.

"என் வீட்டுச் சுவர்லதான்."

"உன் வீட்டுச் சுவரோட உள்பக்கம் உன்னுது. வெளிப்பக்கம் மக்களுது."

"மக்கள் உள்பக்கம் வந்து படுத்துப் பாக்கட்டுமே. குளிரு எந்தப் பக்கத்துதுன்னு தெரியும்."

துர்லோ சிரித்தார். சிரித்துக்கொண்டே பதினொரு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். ஓட்டையின் விட்டம் என்ன. ஓட்டையின் நோக்கம் என்ன. அந்த நோக்கத்தில் அரசியல் உண்டா. இதற்கு முன் விண்ணப்பதாரர் வேறு எங்காவது ஓட்டை போட்டிருக்கிறாரா. ஒன்பதாம் பக்கத்தில், வட அயர்லாந்தில் எந்தப் படிவத்திலும் தவறாமல் வரும் கேள்வி இதிலும் இருந்தது: ஓட்டையின் சமூகப் பின்னணி, கத்தோலிக்கமா, புராட்டஸ்டன்டா, இரண்டும் அல்லவா? மஜெல்லா கொஞ்சம் யோசித்துக் கத்தோலிக்கம் என்று குறித்தாள். எதற்கு வம்பு?

மூன்று வாரம் கழித்து ஒரு துணைக்குழு நேரில் பார்வையிட வந்தது. துர்லோ, கிரான்யா, ஓவியர் யூனன், இன்னும் பேர் தெரியாத ஒருவர். நால்வரும் கொட்டுகிற மழையில் குடையோடு நின்று தியாகியின் வாயை ஒன்றேகால் மணி நேரம் பார்த்தார்கள். பார்னியும் விளக்கம் சொல்ல வந்திருந்தான்.

"குழாயில இருந்து என்ன வரும்?" என்று கேட்டார் துர்லோ.

"ஆவிதான். வெள்ளையா, மெல்லிசா வரும்."

"வெள்ளையாவா?" துர்லோவின் முகம் வெளுத்தது. "தியாகியோட வாயில இருந்து வெள்ளையா ஒண்ணு படபடன்னு ஆடும். தூரத்துல இருந்து பாக்கறவன் என்ன நினைப்பான்? வெள்ளைக்கொடி! நூறு வருஷம் கழிச்சு ஃபெலிம் மகோவன் சரணடைஞ்சுட்டார்னு எதிர்த்தரப்புக்காரன் சிரிக்க மாட்டானா?"

"ஒரு சாண் தள்ளிப் போடலாம். காதுகிட்ட வரும்" என்றான் பார்னி.

"காதுல புகை வந்தா கோபக்காரர்னு ஆகிடும்" என்றார் கிரான்யா. "போன வருஷத்துல இருந்து அவரை நாம சிந்தனையாளர்னு சொல்லிட்டு வர்றோம். கையேட்டுல அச்சாயிடுச்சு."

"அப்ப கீழே இறக்கித் துப்பாக்கி முனையில விடலாமா?"

எல்லாரும் அவனை ஒரு பார்வை பார்த்தார்கள். "தம்பி, போர்நிறுத்தம்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கியா?" என்று தணிந்த குரலில் கேட்டார் துர்லோ. "துப்பாக்கியில இருந்து புகை வந்தா அமைதி ஒப்பந்தத்தை மீறின மாதிரி. தினமும் மீறின மாதிரி."

அதுவரை பேசாமலிருந்த யூனனுக்குப் பொறுக்கவில்லை. அவர் கொஞ்சம் மனசாட்சி உள்ள மனிதர். "வாயில ஒரு சுங்கான், புகையிலை பிடிக்கற குழல், வரைஞ்சுடறேனே. புகை அதுல இருந்து வர்ற மாதிரி இருக்கும். நாலு மணி நேர வேலை."

"ஃபெலிம் சுங்கான் பிடிச்சதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றார் கிரான்யா. "ஆதாரமில்லாம ஒரு கோடுகூட இந்தச் சுவர்ல போட விடமாட்டேன்."

இதை அவர் சொன்னது துப்பாக்கிக்கு நேர் கீழே நின்றுகொண்டு. மஜெல்லா மேலே பார்த்தாள், யூனன் தரையைப் பார்த்தார். விஷயம் பொதுக்கூட்டத்துக்கு வைக்கப்படும் என்று முடிவாயிற்று.

அன்றைக்கு உள்ளே போனதும் டெஸ்ஸி கேட்டார். இரண்டு கம்பளிச் சட்டை, மேலே கோட்டு, தலையில் குல்லாய், அதற்குமேல் போர்வை.

"என்ன சொன்னாங்க?"

"உன் சின்னத் தாத்தா சரணடையக் கூடாதாம்."

"அவர் எங்க சண்டை போட்டாரு, சரணடையறதுக்கு?" என்று சிரிக்கப்போய் இருமலில் மாட்டிக்கொண்டார். இருமி முடிக்க நேரமாயிற்று. மஜெல்லா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து பொதுக்கூட்டம். அறுபது பேர், தேநீர், திராட்சை ரொட்டி. துர்லோ தன் மூன்று ஐரிஷ் வாக்கியத்தையும் பேசினார், எல்லாரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். பிறகு ஓட்டை குறித்து நாற்பது நிமிடம். ஓட்டை என்பது என்ன, யார் ஓட்டை போடச் சொல்கிறார்கள், இன்றைக்கு ஒரு ஓட்டை என்றால் நாளைக்கு எத்தனை. மஜெல்லா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்றாம் நிமிடம் எழுந்துவிட்டாள்.

"இயேசு மரி சூசையே! நிறுத்துங்கப்பா போதும்! அந்த ஆளு துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தாரு. கையில இருக்கறது ரொட்டிக் கட்டை. அவர் செத்தது சண்டையில இல்ல, எங்க மாடி அறையில. நெஞ்சுச்சளி! இதே சுவரு, இதே ஈரம்! அதே அறையிலதான் இப்ப என் புருஷன் படுத்துக் கிடக்காரு. இன்னொரு மகோவனையும் அதே சுவரு கொண்டுபோகணுமா?"

ஒருவர் திராட்சை ரொட்டியைக் கடித்த வாயோடு நின்றுவிட்டார். கடைசியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டோம், இனி இது வெறும் செங்கல் சுவர்தான் என்று மஜெல்லா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

துர்லோ கண்ணை மூடினார், திறந்தார். திறந்தபோது அதில் நீர் இருந்தது.

"கிரான்யா, இந்த வீடுகளைக் கட்டினது யாரு?"

"லினன் ஆலை முதலாளி. இங்கிலாந்துக்காரன்."

"செங்கல்?"

"அவனோட சூளைதான். மட்டமான செங்கல்."

"தோழர்களே!" துர்லோ மேசையைக் குத்தினார். "இன்னைக்கு நம்ம சகோதரி மஜெல்லா ஒரு மாபெரும் வரலாற்று உண்மையை வெளிக்கொண்டு வந்திருக்கா. ஃபெலிம் மகோவனைக் கொன்னது யாரு? ஈரம்! யாரோட ஈரம்? ஏகாதிபத்தியத்தோட ஈரம்! குண்டால கொன்னவங்களை நாம பாத்திருக்கோம். சுவத்தால கொன்னதை இப்பத்தான் பாக்கறோம். அந்தக் கொலைக்கருவி இன்னும் அழியாம நம்ம கையில இருக்கு! உலகத்துல வேற எந்தத் தெருவுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?"

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடமாயிற்று. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மேற்படி சுவரின் ஈரம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படுகிறது. அதை உலரச் செய்யும் எந்த முயற்சியும் சாட்சியத்தை அழிக்கும் முயற்சியாகக் கருதப்படும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்கு அறுபது பேர் முன்னால் செய்துவிட்டு மஜெல்லா வீடு திரும்பினாள்.

"அப்ப ஓட்டை?" என்று வாசலில் துர்லோவை மறித்துக் கேட்டாள்.

"முதல்ல ஈரத்தை முறைப்படி ஆவணப்படுத்தணும் மஜெல்லா. அது முடிஞ்சுட்டா ஓட்டைக்கு நானே கையெழுத்துப் போடறேன். என் வாக்கு. டெஸ்ஸிக்காக நான் உருகாத நாளே இல்ல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனாலும் மஜெல்லா நம்பினாள். வேறு வழி? பார்னி கையெழுத்தில்லாமல் துளைக் கருவியைத் தொடமாட்டான்.

ஆவணப்படுத்த ஓர் இளைஞர் ஈரமானியோடு வந்தார். வாரம் இருமுறை சுவரில் ஊசியைக் குத்தி எழுதிக்கொண்டு போவார். இரண்டாம் வாரமே முகம் சுருங்கியது. "ஈரம் மூணு சதவீதம் குறைஞ்சிருக்கு. இங்க ஏதாவது எரிக்கறீங்களா?" கட்டிலுக்கடியில் இருந்த சின்ன மின்கணப்பைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் குழுவிடமிருந்து கண்டனக் கடிதம் வந்தது, கணப்பைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. டெஸ்ஸி கீழே கரியடுப்புப் பக்கமாகப் படுத்துக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. சுற்றுலா தொடங்கிவிட்டது, வருகிறவர்களுக்குக் காட்ட அவர் மாடிக் கட்டிலிலேயே இருக்க வேண்டுமாம்.

கறுப்பு டாக்ஸியில் நாலு நாலு பேராக வந்தார்கள். ஈரக் காலணியோடு மாடியேறி, சுவரைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்து பார்த்தார்கள். வழிகாட்டி தணிந்த குரலில் சொல்லுவார்: "இதுதான் அந்த அறை. இதுதான் அந்த ஈரம். கட்டில்ல இருக்கறவர் தியாகியோட பேரன் முறை." டெஸ்ஸி குல்லாயை எடுத்து வணக்கம் சொல்லுவார். மனிதர் சுபாவத்திலேயே மரியாதைக்காரர். ஒருநாள் வழிகாட்டி அவர் காதருகே குனிந்தார்.

"பெரியவரே, ஒரு சின்ன உதவி. நான் 'போராட்டம் இன்னும் ஓயவில்லை'ன்னு சொல்லுவேன் பாருங்க, அப்ப ஒரு தடவை இருமினீங்கன்னா நல்லா இருக்கும். முன்னாடியே இருமிடறீங்க."

"என் இருமல் என் பேச்சைக் கேக்கறதில்ல தம்பி" என்றார் டெஸ்ஸி. "நீ வேணா அது வந்ததும் உன் வசனத்தைச் சொல்லிக்கோ."

ஒரு ஜெர்மன்காரப் பெண் மனமிளகி, கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். அவள் இறங்கிப் போனதும் வழிகாட்டி அதை வாங்கிக்கொண்டார். 1922-இல் அந்த வகை மிட்டாய் கிடையாதாம்.

"வேண்டாம் மஜெல்லா, விட்டுடு. எல்லாரும் நல்லவங்கதான். ஏதோ அவங்க வேலை" என்றார் டெஸ்ஸி அன்று மாலை. பேசும்போது உதடு நீலம் பாரித்திருந்தது.

"நல்லவங்களா? உன்னைக் கட்டையில வெச்சுட்டுத்தான் கண்ணு துடைப்பாங்க. நீ சும்மா கிட."

ஜனவரி முப்பது. பார்னி முந்தின நாலு நாளில் ரேடியேட்டர்களை மாட்டி, பாய்லரையும் மாடிச் சுவரில் தொங்கவிட்டிருந்தான். உள்பக்கம் அவர்களுடையதுதானே! ஓட்டை ஒன்றுதான் பாக்கி. "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எரியலேன்னா, நான் இதைக் கழட்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகணும். என் கையில ஒண்ணுமில்ல அக்கா" என்றான். மஜெல்லா கோட்டைக்கூட மாட்டாமல் குழு அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே கல்யாண வீடு போல அமளி. மறுநாள் காலை ஈரத்துக்குப் பித்தளைத் தகடு திறப்பு விழா. துர்லோ இரு கையையும் விரித்து வரவேற்றார்.

"நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். நீயே வந்துட்டே. உக்காரு, உனக்கு ஒண்ணு காட்டணும். யூனன், அதை எடு."

யூனன் எடுக்கத் தயங்கினார். துர்லோவே எடுத்து மேசையில் விரித்தார். சுவரின் மாதிரி வரைபடம். ஃபெலிம் மகோவன் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தப்பட்டிருந்தார். வலப்பக்கம், அதே உயரத்தில், இன்னொரு மனிதர். குல்லாய், கோட்டு, தீர்க்கமான பார்வை. டெஸ்ஸி. காலடியில் அழகான பழைய ஐரிஷ் எழுத்தில் பெயர். பெயருக்குக் கீழே: 1949 – . அந்தக் கிடைக்கோடு முடிந்ததும் ஓர் இடம் காலியாக விட்டிருந்தது.

மஜெல்லாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன காலியிடம்?"

"அவசரமே இல்ல மஜெல்லா. கடவுள் அவருக்கு நூறு வயசு குடுக்கட்டும். ஆனா குழுன்னா முன்யோசனை வேணும் பாரு. வர்ற ஈஸ்டருக்குள்ள..." துர்லோ நிறுத்தி, குரலைப் பஞ்சு போலாக்கிக்கொண்டார். "அப்படி ஏதாவது ஆனா, தெரு தயாரா இருக்கும். ஈரத்தோட இரண்டாவது பலி! பக்கத்துத் தெருவை நாம எட்டிப் பிடிக்க இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி. கையில என்ன குடுக்கலாம்னுதான் யோசிக்கறோம். பூச்சுக் கரண்டி நல்லா இருக்குமா? இல்ல ஏதாவது நீளமா?"

"ஓட்டைக்குக் கையெழுத்து?"

"இப்பப் போயி அதைக் கேக்கறியே! இவ்வளவு பெரிய கௌரவம் உன் வீட்டு வாசல் தேடி வந்திருக்கு!"

மஜெல்லா வரைபடத்தைச் சுருட்டி யூனன் கையில் கொடுத்தாள். யூனன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே நடந்து பார்னி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வருஷத்தைக் காலியா விட்டு என் புருஷனை வரைஞ்சு வெச்சிருக்கானுங்க, பார்னி. நாளைக்கு நீ வர்றே. வரலேன்னா அந்தக் கருவியைக் குடு, நானே போடறேன். கோணலா வந்தா தியாகியோட கண்ணு போகும், பரவாயில்லேன்னா சொல்லு."

பார்னி கையிலிருந்த உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தான்.

"வருஷத்தைக் காலியாவா விட்டிருக்காங்க?"

"ஆமா."

"எத்தனை மணிக்கு விழா?"

காலை பத்து மணிக்குத் தொடங்கியது. புல்லாங்குழலும் மேளமும், மலர் வளையம், இருநூறு பேர், ஒரு பேருந்து நிறையச் சுற்றுலாப் பயணிகள். சுவர் ஓரமாகப் பொதுமக்கள் வரக்கூடாதென்று ஆறடிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கீழே ஒருவரும் நிற்க வழியில்லை என்பதைப் பார்னி ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டான். டெஸ்ஸியைக் கீழே முன்னறை நாற்காலிக்கு மாற்றியாயிற்று. மஜெல்லா மாடி அறைக் கதவை உள்ளே தாழிட்டாள்.

வெளியே துர்லோ ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். மூன்று ஐரிஷ் வாக்கியங்களும் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

"ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்வரை என்ன செய்கிறான்? கருத்து சொல்கிறான்! மறுத்துப் பேசுகிறான்! குழுவுக்கு மனுப் போடுகிறான்! ஆனால் தியாகிகளைப் பாருங்கள். ஒரு நாளாவது நம் தீர்மானத்தை எதிர்த்திருக்கிறார்களா? அதனால்தான் நாம் அவர்களை நேசிக்கிறோம்! இதோ, ஃபெலிம் மகோவன்! இந்த வாய் மூடவில்லை, தோழர்களே! இந்த வாய் இன்றைக்கும் நம்மோடு பேசுகிறது! என்ன சொல்கிறது இந்த வாய்?"

'கிர்ர்ர்' என்றது வாய்.

முதலில் கொஞ்சம் சிவப்புத் தூசி. பிறகு உதட்டின் நடுவிலிருந்து நீளமாக, பளபளவென்று ஒரு துளையூசி வெளியே வந்து சுழன்றது. தியாகி கூட்டத்தைப் பார்த்து நாக்கைத் துருத்தினார். யாரோ ஒரு பெண் "வீல்" என்றாள். ஊசி உள்ளே போயிற்று, அதைவிடப் பெரிய இரைச்சல் கிளம்பியது, ஐந்து நிமிடத்தில் வட்டமாக ஒரு செங்கல் துண்டு கழன்று வந்து மலர் வளையத்தின் நடுவில் தொப்பென்று விழுந்தது. பின்னாலேயே குழாய் எட்டிப் பார்த்தது.

துர்லோ ஒலிபெருக்கியோடு சிலையாக நின்றார். கிரான்யா ஓடிப்போய்த் தெருக்கதவைத் தட்டினார், அது திறக்கவில்லை. மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு பாட்டை ஆரம்பித்தார்கள். அதற்குள் உள்ளே 'டப்' என்று ஏதோ பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஃபெலிம் மகோவன் வாயிலிருந்து வெண்மையாக, மெல்லியதாக ஆவி புறப்பட்டு ஜனவரிக் குளிரில் சுருண்டது.

பேருந்தில் வந்த பயணிகள்தான் முதலில் கைதட்டினார்கள். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். துர்லோ அவர்களைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார். குழுத் தலைவர் என்றால் சும்மாவா?

"மூச்சு!" என்று அலறினார். "மூச்சு விடுகிறார்! நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் தியாகி மூச்சு விடுகிறார்! குழுவின் நெடுநாள் திட்டம் இன்று நிறைவேறியது!"

தெருவே அதிர்ந்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் துர்லோ மூச்சைப் பற்றிப் பேசினார். மூச்சின் வரலாறு, மூச்சின் விலை, மூச்சுக்கும் குழுவுக்கும் உள்ள உறவு. ஆவி வெளிவர வேண்டிய நேரங்கள், பேருந்து வராத நேரத்தில் பாய்லரை அணைத்து வைக்க வேண்டிய அவசியம், இவற்றை ஆராய ஒரு துணைக்குழுவையும் மேடையிலேயே அமைத்துவிட்டார்.

அந்த அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முன்னறை ரேடியேட்டர் முதலில் முனகியது, பிறகு வெதுவெதுத்தது, பிறகு கை வைக்க முடியவில்லை. டெஸ்ஸி குல்லாயைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினார். ஒரு கம்பளிச் சட்டையைக் கழற்றினார், இன்னொன்றையும். கடைசியில் வெறும் சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில் அப்படி நின்றவர். மாடியிலிருந்து இறங்கி வந்த மஜெல்லா அவரைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"அடச்சீ, எதுக்கு அழுவுறே? போய்ச் சுடுதண்ணியில குளி. இப்ப வருமாமே" என்றார் டெஸ்ஸி. பிறகு, "அந்தக் காலியிடம் எங்க விட்டிருக்கான்னு சொன்னே?" என்று கேட்டார்.

முன்னறை ஜன்னல் சுவர் மூலையை ஒட்டியிருந்தது. டெஸ்ஸி அதைத் தூக்கித் திறந்து, இடுப்பு வரை வெளியே சாய்ந்தார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து நின்ற அந்த ஆளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கூட்டம் கையாட்டியது. துர்லோ மட்டும் ஆட்டவில்லை. அவர் முகத்தில் அப்பட்டமாக ஓர் ஏமாற்றம் வந்து, மறைக்க நேரமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. இருநூறு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"டெரி!" என்று டெஸ்ஸி கூப்பிட்டார். ஒருமுறைகூட இருமல் குறுக்கிடவில்லை. "என் வருஷத்தை எழுத இன்னும் நாளாகும்போல இருக்கு. பெயின்ட் காஞ்சுடப் போகுது, மூடி வெச்சுடு."

யூனன்தான் முதலில் சிரித்தார். டெஸ்ஸி அதற்குமேல் நிற்கவில்லை. சூடு வெளியே போகிறதென்று ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.